மூணு நாள் லீவுன்னா கொடைக்கானல்தானா? மதுரையைச் சுற்றி இத்தனை மலை இருக்கே!

சனி, ஞாயிறோடு ஒரு வெள்ளியோ திங்களோ சேர்ந்து லீவு வந்துவிட்டால் போதும். மதுரை வீடுகளில் முதல் பேச்சு, "கொடைக்கானல் போலாமா?" என்பதுதான். 2024 மே 7 முதல் அங்கே வண்டியில் போக இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போடும் அளவுக்குக் கூட்டம். பாஸ் எடுத்துக் கிளம்பினாலும் வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் வண்டி வரிசை. வெள்ளி நீர்வீழ்ச்சி முன்னால் ஒரு செல்ஃபி, ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு, திரும்பவும் வரிசை. லீவில் பாதி காருக்குள்ளேயே கழிந்துவிடும்.

ஆனால், மதுரைக்காரர்கள் மொட்டை மாடிக்குப் போய் நின்றாலே மலை தெரியும். வடகிழக்கே படுத்திருக்கும் யானைமலை, மேற்கே நீளும் நாகமலை, தென்மேற்கே பசுமலையும் திருப்பரங்குன்றமும், வடக்கே அழகர்மலை. யானையும் நாகமும் பசுவும் மதுரையை அழிக்க ஏவப்பட்டு, கடைசியில் மலையாகிப்போன கதையைத் திருவிளையாடற் புராணம் சொல்கிறது. ஊரைச் சுற்றியிருக்கும் மலைகளுக்கெல்லாம் கதை கட்டி வைத்த ஊர் இது. ஆனால், அந்த மலைகளில் ஏறிப் பார்த்த மதுரைக்காரர்கள் எத்தனை பேர்?

செலவு ஒரு டவுன் பஸ் டிக்கெட். நேரம் ஒரு காலைப்பொழுது. பத்து மணிக்கு வீடு திரும்பிவிடலாம்.

நடப்பதற்காக ஜெயிலுக்குப் போனவர்கள்

இங்கிலாந்தில் விடுமுறை என்றால் குடும்பத்தோடு மலையில் நடப்பது ரொம்ப சாதாரணம். மழைக்கோட்டு, ஃபிளாஸ்கில் டீ, ரொட்டி, கையில் ஒரு வரைபடம் என்று தாத்தா பாட்டி முதல் குழந்தைகள் வரை கிளம்பிவிடுவார்கள். ஆனால், அந்தப் பழக்கம் சும்மா கிடைத்துவிடவில்லை.

மான்செஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலம் இருக்கிறது. நூறு வருடங்களுக்கு முன்னால் அது பறவை வேட்டைக்காகப் பணக்காரர்கள் அடைத்து வைத்திருந்த இடம். வாரம் முழுக்க ஆலைப் புகையில் வேலை செய்த தொழிலாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் அங்கே நடக்கக்கூட அனுமதி இல்லை. 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கான இளைஞர்கள் தடையை மீறி மேலே ஏறினார்கள். காவலாளிகளோடு தள்ளுமுள்ளு ஆனது. அதில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள்.

அந்த நடை வீண்போகவில்லை. 1949-ல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது. கிண்டர் ஸ்கவுட் இருக்கும் பீக் டிஸ்ட்ரிக்ட் பகுதிதான் 1951-ல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. 1965-ல் சுமார் 430 கிலோமீட்டர் நீளமுள்ள பென்னைன் வே என்ற நடைபாதை திறக்கப்பட்டது. 2000-ல் வந்த இன்னொரு சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திறந்த மலை, மேட்டுநிலங்களில் மக்கள் நடக்கும் உரிமையை உறுதி செய்தது.

"அது வெள்ளைக்காரன் ஊர்க் கதை, நமக்கென்ன?" என்று கேட்கத் தோன்றும். மதுரையிலும் கிட்டத்தட்ட இதே கதை நடந்திருக்கிறது.

யானைமலையில் தொடங்கிய நடை

2010-ல் யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கலாம் என்று ஒரு திட்டம் பேசப்பட்டது. ஒத்தக்கடை, நரசிங்கம் பகுதி மக்கள் கொதித்துப் போனார்கள். எதிர்ப்புக்குப் பிறகு திட்டம் நின்றது. அந்தச் சமயத்தில்தான் எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணனும் நண்பர்களும் சேர்ந்து 'பசுமை நடை' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் மதுரையைச் சுற்றியிருக்கும் ஏதாவது ஒரு குன்றுக்கு நடந்து போவது, அங்கிருக்கும் கல்வெட்டையும் சிற்பத்தையும் பற்றித் தெரிந்துகொள்வது, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கலைவது. அவ்வளவுதான். தொல்லியல் அறிஞர் சொ.சாந்தலிங்கம் போன்றவர்கள் பாறை முன்னால் நின்று பாடம் சொல்ல, பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் ரிட்டயர் ஆன பெரியவர்கள் வரை நின்று கேட்டார்கள்.

இதில் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு மலையை யாரும் எட்டிப் பார்க்காதவரை அது வெறும் 'பொறம்போக்குப் பாறை'. நாலு பேர் ஏறிப் பார்த்து, "இங்கே 2,000 வருஷத்து எழுத்து இருக்கு" என்று ஊருக்குச் சொல்லிவிட்டால், அப்புறம் அதில் வெடி வைப்பது அத்தனை சுலபமில்லை.

எங்கே போகலாம்?

கீழக்குயில்குடி சமணர் மலை: முதல்முறை போகிறவர்களுக்கும் குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் இதுதான் சரியான இடம். நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில், நகரத்திலிருந்து அரை மணி நேரத் தொலைவு. அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், விழுதுவிட்ட ஆலமரம். மலைக்கு மேலே ஏற பாறையில் படிகள் செதுக்கியிருக்கிறார்கள். கொஞ்ச தூரம் ஏறினால் பேச்சிப்பள்ளம். ஒரு சுனையும் அதையொட்டிய பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருக்கும். சிற்பங்களுக்குக் கீழே இருக்கும் எழுத்துகள் வட்டெழுத்து. 9, 10-ம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. சிற்பத்தைச் செய்து கொடுத்தவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. இன்னும் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளி இருந்த இடத்தின் அடித்தளம். அதற்கும் மேலே உச்சியில் ஒரு விளக்குத் தூண், பக்கத்திலேயே பாறையில் ஒரு கன்னடக் கல்வெட்டு. கர்நாடகத்திலிருந்து இந்த மலைக்குத் துறவிகள் வந்துபோன காலத்தின் அடையாளம் அது. மலையின் இன்னொரு பக்கம் இருக்கும் செட்டிப்புடவுக் குகையில் பெரிய தீர்த்தங்கரர் சிற்பத்தைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள்.

யானைமலை: ஒத்தக்கடையிலிருந்து உள்ளே போனால் நரசிங்கம். அங்கே இருக்கும் நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயில் 770-ம் ஆண்டைச் சேர்ந்தது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி குடைந்தது. அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முடித்து வைத்தார். பக்கத்திலேயே லாடன் கோயில் என்று சொல்லப்படும் முருகன் குடைவரை. மலையில் சமணச் சிற்பங்களும், மேலே தமிழி எழுத்துக் கல்வெட்டும் உண்டு. ஒரே மலையில் பெருமாள், முருகன், தீர்த்தங்கரர் என்று மூன்று பேரையும் பார்த்துவிட்டு வரலாம்.

மாங்குளம்: மேலூர் பக்கம் மீனாட்சிபுரத்தை ஒட்டிய மலை. கொஞ்சம் ஏற்றம் அதிகம். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் போங்கள். 1882-ல் ராபர்ட் சீவல் என்ற ஆங்கிலேய அதிகாரி இங்கே இருந்த எழுத்துகளைக் கண்டார். அது தமிழ் என்று படித்துச் சொல்லப் பிற்பாடு பல பத்தாண்டுகள் ஆயின. கி.மு. 2-ம் நூற்றாண்டு வாக்கில் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் என்ற பாண்டிய மன்னனின் பெயர் வருகிறது. வெள்ளறை ஊர் வணிகர் குழு செய்த தானம் வருகிறது. சங்க இலக்கியத்தில் படித்த பெயரைப் பாறையில் பார்ப்பது தனி அனுபவம்.

இந்த மலைகளில் பல இடங்களில் வழவழப்பான கல் படுக்கைகள் இருக்கும். ஊர்க்காரர்கள் அதைப் 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்பார்கள். உண்மையில் அவை சமணத் துறவிகள் தங்க வெட்டிக் கொடுத்தவை. குகையின் நெற்றியில் ஒரு நீளமான காடி வெட்டியிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மழைத்தண்ணீர் படுக்கைக்கு உள்ளே வழிந்து வராமல் இருக்க அன்றைக்குச் செய்த ஏற்பாடு அது. நம் வீட்டு ஜன்னலுக்கு மேலே சன்ஷேட் வைக்கிற மாதிரிதான்!

அழகர்மலை: வயதானவர்களையும் அழைத்துப் போக வேண்டும் என்றால் இதுதான் வசதி. மதுரையிலிருந்து சுமார் 21 கிலோமீட்டர். கீழே கள்ளழகரையும் பதினெட்டாம்படிக் கருப்பணசாமியையும் கும்பிட்டுவிட்டு, பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கைத் தீர்த்தம் வரை மரநிழலில் நடக்கலாம். நடக்க முடியாதவர்கள் வண்டியில் மேலே வந்து சேர்ந்துகொள்ளலாம். குரங்குகள் அதிகம். கையில் பொரி, பழப் பையை ஆட்டிக்கொண்டு போனால் அப்புறம் புலம்பக் கூடாது.

பார்க்க முடியாமல் போனவை

எல்லா மலையும் தப்பிவிடவில்லை. மேலூர் வட்டம் கீழவளவு பக்கம் போனால் தெரியும். அங்கே இருக்கும் பஞ்சபாண்டவர் மலையில் தமிழி எழுத்துகள் தலைகீழாக வெட்டப்பட்டிருக்கும். வேறு எங்கும் சுலபமாகப் பார்க்க முடியாத அதிசயம். ஆனால், அந்தப் பகுதியில் எத்தனையோ குன்றுகள் கிரானைட்டுக்காக அறுக்கப்பட்டுவிட்டன. குன்று இருந்த இடத்தில் இன்றைக்குப் பள்ளம். பள்ளத்தில் பச்சைத் தண்ணீர்.

2012-ல் மதுரை கலெக்டராக இருந்த உ.சகாயம், கிரானைட் முறைகேட்டால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அறிக்கை கொடுத்தார். 2014-ல் உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்து விசாரிக்கச் சொன்னது. பணத்துக்குக் கணக்குப் போட்டாயிற்று. போன குன்றுக்கு என்ன கணக்குப் போடுவது? அதன் சுனை, அதிலிருந்து கண்மாய்க்கு இறங்கிய தண்ணீர், அந்தக் கண்மாயை நம்பிய வயல் எல்லாம் சேர்ந்தே போய்விட்டன.

அரிட்டாபட்டி: ஊரே நடந்தது

மதுரையிலிருந்து மேலூர் போகும் வழியில் சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள், எழுபதுக்கும் மேற்பட்ட ஏரி குளங்கள், சுமார் 200 சுனைகள். கழிஞ்சமலையில் தமிழிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, தீர்த்தங்கரர் சிற்பம். இடைச்சி மண்டபம் என்று ஊரார் சொல்லும் பாண்டியர் காலத்துக் குடைவரை சிவன் கோயில். அதில் இருக்கும் லகுலீசர் சிற்பம் தமிழ்நாட்டில் அபூர்வம். சுமார் 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள் இந்தப் பாறைகளுக்கு வருகின்றன. தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு எல்லாம் உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது.

சரியாக இரண்டே வருடம். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் பற்றிய செய்தி வந்தது. மொத்தம் 2,015 ஹெக்டேர், அதாவது சுமார் 5,000 ஏக்கர். பல்லுயிர் தலமும் அதற்குள்ளேயே வந்தது. அரிட்டாபட்டி, வல்லாளப்பட்டி, நரசிங்கம்பட்டி, கிடாரிப்பட்டி என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் நோக்கி ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தே வந்தார்கள். பெண்கள், விவசாயிகள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் என்று நான்குவழிச்சாலை நிறைந்தது. ஜனவரி 23 அன்று ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது. அந்த வாரம் மேலூர்ப் பக்கம் பட்டாசுச் சத்தம் ஓயவில்லை.

அந்த ஊர் மக்களுக்கு மலையில் என்ன இருக்கிறது என்று தெரியும். ஆடு மேய்க்கப் போகிறவருக்குச் சுனை தெரியும், கோயிலுக்குப் போகிறவருக்குப் படுக்கை தெரியும். அதனால்தான் மலையைத் தொடப் போகிறார்கள் என்றதும் அடுத்த நாளே கூட முடிந்தது.

ஆர்வம் மட்டும் போதாது

மலை நடை என்றதும் மறக்கக் கூடாத தேதி ஒன்று உண்டு. 2018 மார்ச் 11. மகளிர் தினத்தையொட்டிச் சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் தேனி மாவட்டம் குரங்கணிக்கு மலையேறப் போனவர்கள், கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கினார்கள். முதலில் ஓடி வந்து தூக்கியவர்கள் உள்ளூர் மக்கள்தான். தீக்காயம் பட்ட பலர் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் இருபது, முப்பது வயதுக்காரர்கள்.

அதற்குப் பிறகுதான் 2018-ல் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதி கட்டாயம். 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தை அரசு தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். ஆன்லைனில் பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு அனுப்புவார்கள். மதுரை மாவட்டத்தில் குட்லாடம்பட்டி பாதை இதில் இருக்கிறது. காட்டுத்தீ பயம் உள்ள கோடை வாரங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். அந்தச் சமயத்தில், "தெரிஞ்ச ஆள் இருக்காரு, குறுக்கு வழியில கூட்டிட்டுப் போவாரு" என்று யாராவது சொன்னால், தயவுசெய்து போகாதீர்கள்.

மேலே சொன்ன கீழக்குயில்குடி, யானைமலை அடிவாரம் போன்ற இடங்கள் ஊரை ஒட்டியவை. அங்கேயும் சில விஷயங்களைக் கவனித்தால் நல்லது.

* காலை 6 மணிக்கு ஏறத் தொடங்கி 9 மணிக்குள் இறங்கிவிடுங்கள். மதுரை வெயிலில் பாறை தோசைக்கல் மாதிரி காயும்.
* ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வேண்டும். மேலே கடை கிடையாது.
* வழுக்காத ஷூ போடுங்கள். மழை பெய்த மறுநாள் சுனைப் பக்கம் பாசி இருக்கும். சுனைக்குள் இறங்க வேண்டாம். ஆழம் தெரியாது.
* பாறை இடுக்கில் மலைத்தேனீ கூடு இருக்கும். புகை, பட்டாசு, கல்லெறிதல், பலமான சென்ட் எதுவும் வேண்டாம்.
* கல்வெட்டின் மேல் சாக்பீஸ், மாவு தடவிப் படம் எடுக்காதீர்கள். சாய்வான வெளிச்சத்தில் எழுத்து தானாகவே தெரியும். அதற்கும் அதிகாலைதான் நல்ல நேரம்.
* மலையில் இருக்கும் கோயில் ஊர்க்காரர்களுக்குச் சாமி. எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், எங்கே போகக் கூடாது என்று ஊருக்குள் ஒரு பெரியவரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். பெரும்பாலும் அவரே வழியும் சொல்வார், கதையும் சொல்வார்.
* தனியாகப் போக வேண்டாம். எந்த மலைக்குப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அவசரத்துக்கு 108.

பேர் எழுதாதீங்க!

கடைசியாக ஒன்று. பல குகைகளில் கல்படுக்கைக்கு மேலேயே பெயின்ட்டிலும் ஆணியிலும் காதலர் பெயர்கள், கட்சிப் பெயர்கள், படித்த வருடம் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். உடைந்த பாட்டில்கள் வேறு. 2,000 வருடம் வெயிலும் மழையும் அழிக்காத எழுத்தை ஒரு ஆணி பத்து நிமிடத்தில் அழித்துவிடும். சுரங்கக்காரர்களை எதிர்த்து ஊரே நடக்கலாம். சும்மா சுற்றிப் பார்க்க வந்தவர் கிறுக்கிவிட்டுப் போவதை எதிர்த்து யார் நடப்பது?

அதனால் போகும்போது ஒரு காலிப் பையை எடுத்துப் போங்கள். உங்கள் குப்பையோடு, வழியில் கிடக்கும் நாலு பாட்டிலையும் பொறுக்கிப் போட்டுக்கொண்டு இறங்கலாம். பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய வரலாற்றுப் பாடம் வேறு வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே என்று கேட்டால், கீழக்குயில்குடியில் ஆரம்பியுங்கள். முதல் நாள் ராத்திரியே புளியோதரை கட்டி வைத்துவிட்டால், இறங்கி வந்து ஆலமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடச் சுகமாக இருக்கும். கொடைக்கானல் அடுத்த லீவு வரை காத்திருக்கட்டும்.